முத்திரையர்பாளையத்து ஊற்றும் ரெட்டியார்பாளையத்துக் குழாயும்

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம் தண்ணீருக்காக எழுப்பப்பட்டது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்து ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுவந்த வேலையின் நினைவுச் சின்னம் அது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்பது ஊர்க்கதை. வரலாறாக நிறுவ அதற்குச் சான்று போதாது. ஆனால் கதையும் கால்வாயும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கடற்கரை நகரம் குடித்த நல்ல தண்ணீர் மேற்கே, மேட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த மேற்குப் பக்கத்தில்தான் உழவர்கரை நகராட்சியின் ரெட்டியார்பாளையம் இருக்கிறது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த வட்டாரம் இன்று குடிப்பதற்குக் கேன் வாங்குகிறது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு, நுரைக்காத சோப்பு, உப்பேறிய ஹீட்டர் என்று தெரியும் கடின நீர் இந்த மண்ணின் தலையெழுத்து என்று விட்டுவிடுவது தவறு. நூற்றைம்பது ஆண்டுகளாக எடுத்த முடிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் வாதம்.

1870களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் ஆர்ட்டீசியன் கிணறுகள் தோண்டப்பட்டன. குழாய் இறங்கியதும் இறைப்பதற்கு ஆளில்லாமல் தண்ணீர் தானே பொங்கி வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880ல் இவற்றைப் பற்றி எழுதினார். சென்னைக்கும் இப்படி நீர் கிடைக்குமா என்பதையும் ஆராய்ந்தார். 1884ல் பாகூர்ப் பக்கம் தோண்டிய கிணற்றில் பழுப்பு நிலக்கரித் துண்டுகள் வெளிவந்தன. பின்னாளில் நெய்வேலியில் நிலக்கரி வெட்ட, அதன் அடியில் அழுத்தத்தோடு நின்ற நீரை இரவு பகலாக இறைக்க வேண்டியிருந்தது. அந்த அழுத்தம்தான் இந்தப் பகுதியின் சொத்து. கடலூர் மணற்கல் அடுக்கில் மேட்டில் இறங்கிய மழை, கிழக்கே களிமண் போர்வைக்கு அடியில் நெருக்குண்டு நின்றது. ஊற்றை நம்பிய ஊர் அதற்கு மேலிருந்த குளத்தையும் வரத்து வாய்க்காலையும் காத்தாக வேண்டும். தானே பொங்கும் குழாய் வந்தபின் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. மின்மோட்டார் வந்தபின் அடியோடு போயிற்று. அழுத்தம் குறைந்ததும் ஆழ்துளைக் கிணறுகளான போர்கள் இன்னும் ஆழம் தேடின. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தப் புதுச்சேரி 2002ல் சட்டம் போட்டபோது காலம் வெகுதூரம் கடந்திருந்தது.

பாறையே சுண்ணாம்பாக இருந்தால் மனிதன் என்ன செய்வான் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சேதராப்பட்டு, துருவை வட்டாரத்தில் ஆதிகாலக் கடற்சிப்பிகளின் புதைபடிவங்களை 1840களிலேயே ஐரோப்பியர் சேகரித்தார்கள். அந்தச் சிப்பி கலந்த அடுக்குகள் மணற்கல்லுக்குக் கீழேயும் நீள்கின்றன. அவற்றில் தங்கும் நீரில் கால்சியம் கரைந்து நீர் கடினமாவது இயல்பு. ஆனால் சுண்ணாம்புப் பாறை பல கோடி ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. எந்த அடுக்கின் நீர் வீட்டுக்கு வருகிறது என்பதை போரின் ஆழமும் இறைக்கும் வேகமும் தீர்மானிக்கின்றன. கடலோரத்தில் அழுத்தம் குறைந்தால் கடல்நீரும் உள்ளே நகரும். கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல். நல்ல நீரில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே கடினத்தன்மை 60 கூடும். இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கிறது. இந்த அளவுகோலில் 60 என்பது சிறிய எண் இல்லை. கரையோரக் கிணறு கெட்டால் அதன் சுமையும் மேற்குப் பக்கத்துக் கிணறுகள் மேல்தான் விழும்.

கடின நீரால் உடம்புக்குக் கேடு என்று உறுதியான சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனமும் அதற்கு உடல்நல வரம்பு எதையும் வகுக்கவில்லை. ஆகவே பயமுறுத்தி ஆர்.ஓ. விற்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு வீடு அந்தக் கருவி இருந்தால் போதும் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. ஒரு குடம் நல்ல நீருக்கு வழக்கமாக அதைவிட அதிகமான உப்புநீரை அது வெளியே தள்ளுகிறது. அதை ஈடுகட்ட அதே நிலத்திலிருந்து இன்னும் இறைக்க வேண்டும். பழைய ஊற்றால் இன்றைய நகரத்துக்குத் தண்ணீர் ஊட்ட முடியாது என்பதை மறுக்கவில்லை. ஊற்றை ஊற வைத்த ஏற்பாட்டையாவது மீட்க முடியும். 1999ல் தொடங்கிய, ஐரோப்பிய ஒன்றிய உதவியுடனான ஏரிச் சீரமைப்புத் திட்டம் புதுச்சேரியில் 84 ஏரிகளைப் புதுப்பித்தது. மனம் வைத்தால் நடக்கும் வேலைதான் இது.

பெரிய தடை எல்லைக்கோடு. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன புதுச்சேரி துண்டு துண்டாகத் தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கிறது. மழை இறங்கி மணற்கல்லை நிறைக்கும் மேட்டில் பெரும்பகுதி தமிழ்நாட்டின் வானூர்ப் பக்கம். ஊசுட்டேரியும் இரண்டு அரசுகளுக்கும் பொது. சங்கராபரணி ஆற்றுநீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதில் சேர்கிறது. அந்த ஏரியின் தன் பங்கைப் புதுச்சேரி 2008லும் தமிழ்நாடு அதற்குப் பின்னும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. மேலே தெரியும் நீர்ப்பரப்பை இரு அரசுகளும் காக்க முன்வந்திருக்கும்போது, அடியில் உள்ள நீரை யார் எவ்வளவு இறைக்கலாம் என்பதையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். அதுவரை ரெட்டியார்பாளையத்து வீடுகள், அடுத்த போரின் ஆழத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாங்கிக்கொள்ளும்.