முழங்கால் வணக்கமும் சைக்கிள் வணக்கமும்

மனிதனை மனிதன் மதிப்பது நல்லொழுக்கம். ஆனால், இன்னாரைக் கண்டால் இவ்வாறு குனிய வேண்டும், இன்ன பட்டம் சொல்லி அழைக்க வேண்டும் என்று விதி வகுத்து, அதில் தவறியவனைத் தண்டிப்பது ஒழுக்கமன்று, அதிகாரம். இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையைப் படித்தவர்கள் பலர் உணராதிருந்த காலத்தில், கிள்ளான் வட்டாரத்துப் பால்மரத் தொழிலாளர்கள் உணர்ந்திருந்தார்கள். அவர்கள் சரித்திரத்தைச் சொல்லுமுன், பட்டமும் வணக்கமும் பிறந்த இடமாகிய அரண்மனையைச் சற்றே பார்ப்போம்.

இங்கிலாந்து அரசவை மரபில் ஆடவர் தலை தாழ்த்துவதும், பெண்டிர் ஒரு காலைப் பின்னே வைத்து முழங்கால் மடக்கி எழுவதும் வழக்கம். யாருக்கு யார் வணங்குவது என்பதைப் பட்டமே தீர்மானிக்கும். இப்பட்டங்கள் இரத்தத்தோடு பிறப்பவை என்று நம்புவோர் உளர். ஆனால் 'ராயல் ஹைனஸ்' என்னும் பட்டம் அரச குடும்பத்தில் இன்னின்னார்க்கே உரியது என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1917-ல் ஒரு கட்டளையால் வரையறுத்தார். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தார். 1937 மே மாதம் பிறந்த மற்றொரு கட்டளை, அப்பட்டத்தை அவருக்கு மட்டும் அளித்து, அவர் மணக்கவிருந்த மாதுக்கு மறுத்தது. அதன்பின் அந்த அம்மையாருக்கு முழங்கால் மடக்குவதா வேண்டாமா என்பது பெரிய இடத்துப் பெண்களுக்கு ஒரு பெருஞ் சங்கடமாயிற்று. ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவும் எடுக்கவும் கூடியதைத்தான் உலகம் பிறவிப் பெருமை என்று போற்றுகிறது!

நம் மலாய் நாட்டு அரசவைக்கும் தனி மரபு உண்டு. மன்னர் முன் கைகூப்பி உயர்த்துவதைச் 'செம்பா' என்பர். அரசரைத் 'துவாங்கு' என்றும், தம்மைப் 'பாத்தேக்' என்றும் சொல்வர். அரசர் பட்டத்தின் முதற்சொல்லாகிய 'டூலி' என்பது தூசியைக் குறிக்கும் 'தூளி' என்ற வடசொல்லே. அரசியாரைக் குறிக்கும் 'பெர்மைசூரி' நம் பரமேஸ்வரியே. இவை அரியணைக்கு உரியவை; நாட்டு மக்கள் தம் மன்னருக்குச் செலுத்துபவை. அரியணைக்கு எவ்விதச் சம்பந்தமுமில்லாத ஒருவர் தோட்டத்துச் செம்மண் சாலையில் நின்றுகொண்டு வணக்கம் கேட்டால், அதற்கு என்ன பெயர் கொடுப்பது?

அவ்வாறு கேட்டவரே தோட்டத்துத் துரை. 'துரை' என்ற சொல் தமிழில் தலைவனையும் பிரபுவையும் குறிப்பது. தம் நாட்டில் ஒரு சாதாரணக் குடிமகனாயிருந்தவர், கப்பலேறி இங்கே வந்து இறங்கியதும் 'பெரிய துரை' ஆனார். அவர் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இவ்விதி இல்லை. ஆயினும் வேலையும் லயத்து வீடும் துரையின் கையிலிருந்தபடியால், சட்டத்தினும் கடுமையாக இவ்விதி நடந்து வந்தது.

1941-ல் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் உதவியாசிரியராயிருந்த தோழர் ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் தொழிலாளர்க்குத் துணை நின்றனர். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, வைத்திய வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, உற்றார் தோட்டத்துக்குள் தடையின்றி வர உரிமை ஆகிய கோரிக்கைகள் எழுந்தன. அவற்றோடு, வெள்ளைக்காரரையும் ஆசிய உத்தியோகஸ்தரையும் கண்டு சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இடம்பெற்றது.

வயிற்றுக்கில்லாதவனுக்குச் சைக்கிள் ஒரு கேடா என்று நகைப்பார் இருந்திருக்கலாம். அவர்கள் ஒன்றை மறந்தார்கள். கூலியைக் குறைப்பவன் பணத்தை மட்டுமே எடுக்கிறான். சைக்கிளிலிருந்து இறக்குகிறவனோ, 'நீ தாழ்ந்தவன்' என்பதை அவன் வாயாலன்றி அவன் உடம்பாலேயே தினந்தோறும் சொல்லச் செய்கிறான். அவ்வாறு பழகிய உடம்பு கூலி கேட்கவும் கூசும். ஆகவே கூலியும் சைக்கிளும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகளேயாம்.

சர்க்கார் இதற்களித்த பதிலை நாடறியும். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலை நிறுத்தம் பரவவே, சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது, துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

இச்சரித்திரத்தைச் சொல்லும்போது வெள்ளைக்காரரை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 'ஆசிய உத்தியோகஸ்தர்' என்று அக்கோரிக்கை சொன்னது யாரை? ஆங்கிலப் பள்ளியில் நாலெழுத்துக் கற்று, துரையின் நிழலில் நின்று, தம் இனத்தானையே சைக்கிளிலிருந்து இறங்க வைத்த கிராணிமாரையுமன்றோ? இதை எழுதுபவனும் ஒரு தோட்டத்துக் கிராணியே. இன்றும் முதியவர் சிலர் என் மேசைக்கு வருமுன் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். நாற்காலியைக் காட்டினாலும் உட்காரத் தயங்குகிறார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்களுடைய பெற்றோர் காலத்தில் சொன்னவர்களே போதும்.

ஆஸ்திரியா 1919-ல் பிரபுக்களின் பட்டங்களைச் சட்டத்தால் ஒழித்தது. இந்தியா 1971-ல் சமஸ்தானாதிபதிகளின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. பட்டத்தை ஒழிக்க ஒரு சட்டம் போதும். முதுகில் ஏறிய கூனை நிமிர்த்தச் சட்டத்தால் ஆகாது. அதற்கு மேசையின் இப்புறம் உட்கார்ந்திருப்பவன் முதலில் எழுந்து நிற்க வேண்டும். உத்தியோகத்திலுள்ள தோழர்களே, முதியவர் வந்தால் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுங்கள். 1941-ல் கேட்கப்பட்ட ஒரு கோரிக்கையின் பாக்கி நம்மிடம் இன்னும் இருக்கிறது.