கைலியில் மிஞ்சிய ஊர்

ஈரோட்டுச் சந்தையில் கைலி வாங்கியே வளர்ந்தவன் நான். மலாய்க்காரர்கள் அதை ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். அந்தப் பெலிகாட் நம்ம பழவேற்காடுதான் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

ஏரிக்கரை மீனவர் ஊர். 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. இங்கிருந்து துணி மட்டுமா போச்சு? 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் விலைபோன மனிதர்களையும் அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள். உள்ளே பெயரும் தேதியும் செதுக்கிய கற்கள். கப்பலேறியவர்களுக்கோ, துணி நெய்தவர்களுக்கோ அங்கே ஒரு கல்லும் இல்லை.

ஊர் பெயரைத் துணி காப்பாற்றிவிட்டது. ஆட்களின் பெயரை யாரும் காப்பாற்றவில்லை. வீட்டுக்கு வந்து கைலி மாற்றும்போது அதுதான் உறுத்தியது.