எடின்பரோ மகப்பேற்று மனச்சோர்வு அளவுகோல்

எடின்பரோ மகப்பேற்று மனச்சோர்வு அளவுகோல் என்பது பிள்ளை பெற்ற தாய்மாரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டறிய உருவான 10 கேள்விகள் கொண்ட வினாத்தாள். பிற்பாடு கர்ப்பிணிகளுக்கும் பயன்பட்டது. ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கூடுதல் மதிப்பெண் வந்தாலே நோய் உறுதி என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தப் பெண்ணிடம் ஒருவர் உட்கார்ந்து விவரமாகப் பேச வேண்டும் என்பதே பொருள்.

பேறுகாலத்தை ஒட்டிய மனநோய்கள் குறித்த முதல் விரிவான நூலைப் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தர் மார்சே 1858-ல் வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவத்தின் கவனம், நிலைகுலைந்து மனநல விடுதிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மேலேயே இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்து, அடுப்படி வேலையும் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் ஒடுங்கிப்போனவர்கள் யார் கணக்கிலும் வரவில்லை. லண்டனில் மனநல மருத்துவர் பிரைஸ் பிட் 305 தாய்மாரை ஆராய்ந்து 1968-ல் வெளியிட்ட ஆய்வில், 33 பேருக்கு இத்தகைய மனச்சோர்வு இருந்தது.

அளவுகோலின் வேர் உகாண்டாவிலும் இருக்கிறது. 1970-களில் கம்பாலாவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் காக்ஸ் அங்குள்ள கர்ப்பிணிகளை ஆராய்ந்தார். பகாண்டா மக்கள் பேறுகால மனநோயை ‘அமகிரோ’ என்ற பெயரால் முன்பே அறிந்திருந்தனர். பிறகு ஸ்காட்லாந்தில் பணியாற்றிய காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோருடன் எடின்பரோவிலும் லிவிங்ஸ்டனிலும் இந்த வினாத்தாளை உருவாக்கி 1987-ல் வெளியிட்டார்.

அன்று புழக்கத்தில் இருந்த வினாத்தாள்கள் உடற்சோர்வு, தூக்கமின்மை, பசி ஆகியவற்றைக் கேட்டன. கைக்குழந்தைக்காரி எவளும் இவற்றுக்கு ஆமாம் என்றுதான் சொல்வாள். ஆகவே மூவரும் உடல் அறிகுறிகளைத் தவிர்த்து மனநிலையைக் கேட்டார்கள்: சிரிக்க முடிகிறதா, தேவையில்லாமல் தன்னையே பழித்துக்கொள்கிறாளா, காரணமின்றிப் பயம் வருகிறதா. தூக்கத்தைப் பற்றிய கேள்விகூட, மனத்துயரத்தால் தூக்கம் கெட்டதா என்றே அமைந்தது. கடைசிக் கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. கடந்த 7 நாட்களை மனத்தில் வைத்துத் தாய் தானே விடை குறிக்க வேண்டும். பிறரிடம் கலந்து பேசக் கூடாது. 5 நிமிடம்கூட ஆகாது. 84 பேரிடம் செய்த சரிபார்ப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் 86 சதவீதம் பேரை அது இனங்கண்டது.

வினாத்தாளைவிட முக்கியமானது, என் பார்வையில், அதே குழு 1989-ல் வெளியிட்ட ஆய்வு. குறுகிய காலப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், மனச்சோர்வு கண்ட தாய்மாரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறையாக 8 வாரம் சென்றனர். அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதே வேலை. மூன்று மாதத்தில் அந்த 26 பேரில் 18 பேர் முழுமையாகத் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் தேறியவர்கள் 9 பேர். அளவுகோல் பல மொழிகளுக்குப் பரவியது. வீட்டுக்குப் போகும் அந்த ஏற்பாடு எல்லா இடங்களுக்கும் உடன் செல்லவில்லை. பெரிய குறை அதுதான்.

எல்லாத் தாய்மாரையும் பரிசோதிப்பதா என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி 2006-ல் அதைச் சட்டமாக்கியது. பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு பொதுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கவில்லை.

தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில், கடைசி மாதங்களில் இருந்த 359 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அவர்களில் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். அந்த ஆய்வு காட்டிய காரணங்கள் நமக்கு அந்நியமல்ல: வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஒத்தாசைக்கு ஆளில்லாமை. எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் குறித்த வேலூர் ஆய்வு 2005-ல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கேள்விகளை வாசித்துக் காட்ட வேண்டும். பச்சை உடம்புக்காரியைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர் இருப்பது நம் வழக்கம். மாமியார் பக்கத்திலிருக்க, கடைசிக் கேள்விக்கு அவள் என்ன சொல்வாள்? தாயைத் தனியே பார்க்காமல் இதைக் கேட்பது பயனற்றது.

வளம் குறைந்த நாடுகளுக்கு வழிகாட்டியது பாகிஸ்தானின் ராவல்பிண்டி. அங்கு மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர், கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே எளிய மனநல ஆதரவு முறையில் பயிற்சி அளித்தனர். கர்ப்பகாலத்தின் இறுதியிலேயே மனச்சோர்வு கண்டறியப்பட்டு, இவர்கள் சந்தித்த பெண்களில், குழந்தைக்கு 6 மாதமாகும்போது அது நீடித்தவர்கள் 23 சதவீதம். மனநலப் பயிற்சி பெறாத பணியாளர் சந்தித்தவர்களில் 53 சதவீதம். 2008-ல் வெளியான இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கையேடாக வெளியிட்டது. தீவிர நிலைக்கு, தாயையும் சேயையும் பிரிக்காமல் சிகிச்சை தரும் பிரிவு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-ல் தொடங்கியது.

கடைசிக் கேள்விக்கு 0 தவிர எந்த மதிப்பெண் வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருப்பினும், அன்றே விசாரிக்க வேண்டும். அவளைத் தனியே அனுப்பக் கூடாது. இந்தியாவில் 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையைத் தமிழிலும் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.