பழைய பிக்கப் வண்டிகளில் ஸ்டீரிங் பாக்ஸ் மாற்றம்

பழைய பிக்கப் ஒன்றில் கம்பெனி பொருத்திய ஸ்டீரிங் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, பிற்கால வண்டியின் பாக்ஸையோ அதற்கென்றே புதிதாகச் செய்த பாக்ஸையோ வைக்கும் வேலையே ஸ்டீரிங் பாக்ஸ் மாற்றம். அமெரிக்காவில் 1940களின் இறுதி முதல் 1970கள் வரை வந்த ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் பிக்கப்புகளைப் புதுப்பிப்பவர்கள் டிஸ்க் பிரேக் போடுவதோடு சேர்த்தே இதையும் கணக்கில் வைக்கிறார்கள். கேட்டால் பவர் ஸ்டீரிங்குக்காக என்பார்கள். காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால் எந்த வண்டிக்கு எந்த பாக்ஸ் பொருந்தும் என்பதை, பாக்ஸிலிருந்து தொங்கி முன்சக்கரங்களைத் திருப்பும் பிட்மேன் ஆர்ம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதே முடிவு செய்கிறது.

ஃபோர்டு எஃப்-100 பிக்கப் 1953இல், அந்த நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டில் வெளிவந்தது. முன்பக்கம் ஒரே துண்டான ஆக்சில், இரண்டு பட்டை ஸ்பிரிங், சக்கரம் திரும்பும் அச்சாணியாகக் கிங் பின், வார்ம்-ரோலர் வகை ஸ்டீரிங் பாக்ஸ். பண்ணைக்கும் கட்டுமான வேலைக்கும் உழைக்கப் பிறந்த வண்டி என்பதால் ஓட்டுபவரின் தோள்வலியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பெரிய ஸ்டீரிங் வீலும் ஒல்லியான டயரும் அந்தப் பாரத்தை ஓரளவு சமாளித்தன. இன்று அதே வண்டிக்கு அகலமான ரேடியல் டயர் மாட்டி, முன்னால் கனத்த வி-8 எஞ்சினையும் இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் நிறுத்துமிடத்தில் வீலைத் திருப்ப இரண்டு கையும் போதவில்லை.

பாரத்தைக் குறைக்க அந்தக் காலத்தில் எளிதாக இருந்த வழி, பல் விகிதத்தைக் கூட்டுவது. 24:1 விகித பாக்ஸில் பிட்மேன் ஆர்ம் ஒரு டிகிரி நகர, வீலை 24 டிகிரி சுற்ற வேண்டும். ஆர்ம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 80 டிகிரி ஆடுவதாக வைத்துக்கொண்டால் ஸ்டீரிங் வீல் ஐந்து சுற்றுக்கு மேல் சுழலும். 14:1 பாக்ஸ் என்றால் மூன்று சுற்றுக்குச் சற்றே அதிகம். 1967 முதல் 1972 வரையிலான செவர்லே சி-10 வண்டிகளுக்கு இப்போது விற்கும் வேகமான பாக்ஸ்களின் கவர்ச்சி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஹைட்ராலிக் துணை இல்லாமல் இத்தனை குறைந்த விகிதத்தைப் போட்டால் நின்ற வண்டியில் வீலை அசைப்பதே பெரும்பாடு.

ஹைட்ராலிக் துணை என்ற யோசனை பழையது. பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் 1920களிலேயே அதைச் செய்து காட்டிவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் அதில் ஆர்வம் காட்டியது. பொருளாதாரப் பெருமந்தம் குறுக்கிட, கைவிட்டது. விற்பனைக்கு வந்த காரில் அது முதலில் இடம்பிடித்தது 1951 கிரைஸ்லர் இம்பீரியலில். இன்றைய மாற்று பாக்ஸ்களில் பெரும்பாலானவை சுழல் பந்து வகை: வார்மின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றி வருவதால் உரசல் மிகக் குறைவு. உள்ளே ஒல்லியான முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. ஓட்டுபவர் வீலைத் திருப்பும்போது அது லேசாக முறுகி வால்வைத் திறக்கிறது. ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. கம்பி தடித்தால் வீல் கையில் கனமாக உட்காரும். மெலிந்தால் சுண்டுவிரலால் திருப்பலாம், ஆனால் சாலையின் சேதி கைக்கு எட்டாது.

இனி ஆர்ம் ஆடும் திசை. எஃப்-100 போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டியில் பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னுமாக ஆடி, சேஸிஸின் இடப்பக்கத்தை ஒட்டி நீளும் டிராக் லிங்கைத் தள்ளி இழுக்கிறது. சி-10 வகையில் ஆர்ம் இடமும் வலமுமாக ஆடும். மறுபுறம் ஐட்லர் ஆர்ம் தாங்க, நடுவே ஒரு குறுக்குத் தண்டு. ஒன்றின் பாக்ஸை மற்றதில் அப்படியே மாட்ட முடியாது. பழைய ஃபோர்டுகளுக்கு ஜப்பானிய பாக்ஸ் தேடும் பழக்கம் வந்தது இதனால்தான். 1979 முதல் 1985 வரையிலான டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பிலும் முன்னால் ஒரே துண்டு ஆக்சில். ஆர்மும் முன்-பின்னாகவே ஆடும். அதன் பவர் பாக்ஸ் கைக்கு அடக்கமானது, பழுதும் அரிது. 1986இல் டொயோட்டா தனித்தனி முன் சஸ்பென்ஷனுக்கு மாறியபோது ஆர்மின் ஆட்டமும் குறுக்காக மாறிவிட்டது. பழைய உதிரிபாகக் கடையில் 'டொயோட்டா பாக்ஸ்' என்று மட்டும் கேட்டு வாங்கி வருபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

திசை பொருந்தினாலும் இடம் பொருந்த வேண்டும். பள்ளத்தில் ஆக்சில் ஏறி இறங்கும்போது அது ஒரு வட்டவில்லில் நகர்கிறது; டிராக் லிங்கின் முனையும் வேறொரு வில்லில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வீலை யாரும் தொடாமலேயே வண்டி ஒதுங்கும். பாக்ஸைத் தலைகீழாகவோ திருப்பியோ வைத்தால் இன்னொரு வேடிக்கை: வலப்பக்கம் திருப்ப, வண்டி இடப்பக்கம் போகும். பாக்ஸைத் தாங்கும் தகட்டை முழுதாக வெல்டிங் செய்யும் முன் இதைச் சோதித்துவிடுவது நல்லது.

அடுத்தது தண்டு. 1950களின் எஃப்-100இல் ஸ்டீரிங் தண்டும் வார்மும் ஒரே நீளத் துண்டு. புது பாக்ஸ் போட வேண்டுமானால் தண்டையும் குழாயையும் அறுத்து, அடியில் பேரிங் வைத்து, யுனிவர்சல் ஜாயிண்ட் மூலம் இணைக்க வேண்டும். இரண்டு ஜாயிண்ட் போதாமல் மூன்றாவது வந்தால் நடுவே ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். இல்லையேல் தண்டு வளைந்து துள்ளும். இந்த வேலையில் கிடைக்கும் உபரி லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. நேர்மோதலில் ஓட்டுபவரின் மார்பை நோக்கிப் பாயக்கூடிய அந்த ஒற்றைத் தண்டுக்கு, ஜாயிண்ட் வைத்ததும் மடங்க வழி கிடைக்கிறது.

பாக்ஸைத் தாங்கும் சேஸிஸ் சட்டமும் சோதனைக்குரியது. 1973 முதல் 1987 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகளில் பாக்ஸின் போல்ட் துளைகளைச் சுற்றிச் சட்டம் வெடிப்பது பேர்போன குறை. பெரிய டயர் மாட்டியவற்றில் அது சீக்கிரமே தெரியும். வெடிப்பை வெல்டிங் செய்து, மேலே தடித்த தகடு வைத்த பிறகே புது பாக்ஸ் ஏற வேண்டும்.

பல பாக்ஸ்கள் மாற்ற வேண்டிய அவசியமின்றியே மாற்றப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வீலில் 'பிளே' தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியவை கிங் பின், டை ராட் முனைகள், தண்டு தனித் துண்டாக உள்ள வண்டிகளில் அதன் அடியிலுள்ள ரப்பர்-துணிக் கப்ளிங். ஒருவர் வீலை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க, இன்னொருவர் அடியில் படுத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே தொலைகிறது என்பது தெரிந்துவிடும். பாக்ஸ்தான் காரணம் என்றால் அதன் மேலுள்ள சரிசெய் திருகு இருக்கிறது. டிராக் லிங்கைக் கழற்றி, வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணி, சரிபாதியில் நிறுத்தித்தான் அதைத் திருக வேண்டும். நடுவில் பற்கள் சற்று இறுக்கமாகப் பொருந்துமாறு செய்யப்பட்டிருப்பதே காரணம். ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொண்டு, வளைவுக்குப் பின் வீல் தானாகத் திரும்பி வராது.

பவர் பாக்ஸ் வந்ததும் சக்கரக் கோணத்தையும் மாற்றலாம். கையால் திருப்பிய நாளில் பாரத்துக்கு அஞ்சி கேஸ்டரை, அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணத்தை, குறைவாக வைத்திருந்தார்கள். இப்போது ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்புத் தகடு செருகி அதைக் கூட்டினால், நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் நிற்கும். பம்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஆயிலின் ஓட்டம் அளவுக்கு மீறினால் வீல் துடுக்காகிவிடும். குறைந்தால் வேகமாகத் திருப்பும்போது திடீரென்று கனக்கும்.

அசல் பாக்ஸைத் தொட மனம் வராதவர்களுக்கு மின்சார வழி ஒன்று வந்திருக்கிறது. சாட்டர்ன் வியூ காரின் ஸ்டீரிங் தண்டிலுள்ள மோட்டார் பகுதியை எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். காரின் கணினியிலிருந்து சேதி வராவிட்டாலும் அது ஒரு நிலையான அளவில் துணை செய்யும். பம்ப், ஹோஸ், ஆயில் எதுவும் வேண்டாம். பிட்மேன் ஆர்மும் பழைய இடத்திலேயே பழைய திசையிலேயே ஆடும். ஆனால் மோட்டாரின் பலம் முழுவதும் அறுபது எழுபது வருடப் பழைய வார்ம், ரோலர் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. அவை தேய்ந்திருந்தால் பாக்ஸைப் பிரித்துப் புது வார்ம், ரோலர், பேரிங் போட்டபின்தான் மோட்டாரைப் பொருத்த வேண்டும்.