முதல் பாட்டை யார் பாடினார்கள்?

இசை சிலருக்குப் பிறவியிலேயே வரும் என்று சொல்லக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. ரத்தத்தில் ஊறியது, பரம்பரை ஞானம், பூர்வ ஜென்மப் புண்ணியம் என்று அதற்குப் பல பெயர்கள். பிறப்பை வைத்துத் தகுதியை அளக்கும் எந்தப் பேச்சையும் நாம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஒரு குழந்தை யார் மடியில், எந்த ஓசைகளுக்கு நடுவே வளர்ந்தது என்று பார்த்தாலே, ஞானம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி விளங்கிவிடும். அந்த ஓசைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

ஏற்காட்டில், 5,300 அடிக்கு மேலான உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் கோயில். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருகிறார்கள். அப்பன் தோளில் உட்கார்ந்து விழா பார்க்கும் பிள்ளைக்கு அங்கே கேட்கும் மேளம்தான் முதல் பாடம்.

அதே மலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு தோட்டங்கள் பெருகின. இலங்கை மலையகத்திலும் அந்தக் காலத்தில்தான் காப்பித் தோட்டங்கள் எழத் தொடங்கின. சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் பகுதிகளிலிருந்து மக்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். காப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் அவர்களின் லயன் அறை மாறவில்லை.

அந்தத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே தப்பு அடிப்பார்கள். பெரட்டுக்கு ஆள் கூட்டும் தப்பு அது. அந்தச் சத்தத்துக்குத் தாய் எழுந்து ஓட வேண்டும், பிள்ளை தனியே விழிக்க வேண்டும். ஆனால் காமன் கூத்து நாட்களில் அதே தப்புதான் லயத்து மக்களை ஆட வைத்தது. காலையில் துரைக்காக அடித்த கை, இரவில் தன் சனத்துக்காக அடித்தது. லயத்தில் பிறந்த பிள்ளையின் காதில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. நம் இசையின் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு அடிகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம்.

அரக்கோணத்தில் வளர்ந்த அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். மலையைத் திருத்தி, செடி நட்டு, கடைசியில் கையளவு நிலம்கூட இல்லாமல் போன தலைமுறையின் நினைவு அது. 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது அறிவும் அதில் இருந்தார். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியாகி, அந்தப் பாட்டியின் நினைவு உலகமெங்கும் ஒலித்தது. எந்தச் சபாவும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

பண்ணைப்புரத்துக்கு வருவோம். 1943, சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டு. மேடையில் தமிழில் பாட வேண்டும் என்ற நியாயமான போராட்டம்தான் அது. ஆனால் அதன் கேள்வி பாட்டின் மொழியைப் பற்றியது. சேரியின் மேளம் எப்போது மேடையேறும் என்று அது கேட்கவில்லை. அதே 1943இல்தான் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இளையராஜா பிறந்தார். தாய் சின்னத்தாய் பாடிய நாட்டுப்பாடல்கள் அவருக்கு முதல் பள்ளி. அண்ணன் பாவலர் வரதராஜன் இரண்டாவது பள்ளி.

பாவலர் கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடிய பாட்டுகள் இன்றும் பேசப்படுகின்றன. பதின்வயதில் தம்பி அந்தக் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார். நாள் முழுக்க உழைத்துக் களைத்தவரை உட்கார வைக்க மெட்டு எப்படி இருக்க வேண்டும், எந்த இடத்தில் கூட்டம் நிமிரும் என்பதெல்லாம் அந்த மேடைகளில்தான் பிடிபடும். 1976இல் 'அன்னக்கிளி'யில் தமிழ்நாடு கேட்டது அந்தக் காதைத்தான். 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோதும் அந்தக் காது அவரோடு இருந்தது. அவர் சாதி அடையாளத்தோடு பேசப்படுவதை விரும்பாதவர். அது அவர் உரிமை. நாம் பேசுவது ஒரு செவி உருவான கதையை.

அடுத்தவர் கே.ஏ. குணசேகரன். 1955இல் பிறந்தவர். இளையான்குடி வட்டாரத்தில் கழிந்த இளமையை 2005இல் 'வடு' என்ற தன்வரலாறாக எழுதினார். கிராமத்தில் பட்ட அவமானங்களையும், இளையான்குடியின் இஸ்லாமியர் நடுவே தீண்டாமை இல்லாமல் பழக முடிந்ததையும் அவர் அருகருகே வைத்து எழுதியிருக்கிறார். அவமானம் நடந்த அதே மண்ணில்தான் பாட்டும் கிடைத்தது. அந்தப் பாட்டை அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. நாட்டுப்புறப் பாடல்களையே ஆய்வுக்கு எடுத்தார், மேடையில் பாடினார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியர் ஆனார். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை ஒட்டி இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த குரல் அவருடையது. 2016 ஜனவரியில் மறையும் வரை அவர் பாடினார்.

கடல் கடந்தாலும் இதே கதைதான். நியூ ஆர்லியன்ஸில் வறுமையில் பிறந்த கறுப்பினச் சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங், புத்தாண்டுக்கு முந்தைய இரவில் தெருவில் துப்பாக்கி வெடித்ததற்காகப் பிடிபட்டு, கறுப்பினச் சிறுவர் இல்லத்தில் அடைக்கப்பட்டான். அங்கே இருந்த பேண்டில் அவன் கையில் கார்னெட் வந்தது. ஜாஸின் வரலாறு திரும்பியது. பிறப்பை நம்புகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? திறமை எங்கும் இருக்கிறது. கருவி கைக்கு வந்து சேர்வதுதான் அரிது.

இப்போது நம் வீட்டுக்குள் இருக்கும் சண்டைக்கு வருவோம். பறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா? வேண்டாம் என்பவர்கள் சும்மா சொல்லவில்லை. ஊரார் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் முதுகு ஒடிந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அடிக்க மறுத்ததற்காக அடிபட்ட சேரிகள் உண்டு. அந்த மறுப்பு நம் போராட்ட வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். கற்றுக்கொடுக்கலாம் என்பவர்களிடமும் வரலாறு இருக்கிறது. 1990களிலிருந்து தலித் கலைவிழாக்களில் பறை தலை நிமிர்ந்து ஒலித்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டினார்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பது நம் கருத்து. நாம் மறுப்பது கட்டாயத்தை. எந்தச் சாவுக்கு, யார் கூப்பிட்டு, என்ன கூலிக்கு அடிப்பது என்பதை அடிக்கிறவர் தீர்மானிக்க முடியாத இடத்தில் பறை அடிமைத்தனம். அதைத் தீர்மானிக்க முடிந்த இடத்தில் அது கலை. ஒரு பிள்ளை முதன்முதலில் பறையை எங்கே பார்க்கிறது என்பது அதனால்தான் முக்கியம். குனிந்து அடிக்கும் தாத்தாவின் கையில் பார்த்தால் வெட்கம் பதியும். நிமிர்ந்து அடிக்கும் அக்காவின் கையில் பார்த்தால் ஆசை பதியும். இரண்டுமே வாழ்நாள் முழுக்க நிற்கும்.

எனவே தோழர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பாட்டிகளிடம் உட்காருங்கள். நாற்று நட, களை எடுக்க, தாலாட்ட, ஒப்பாரி வைக்க என்னென்ன பாடினார்கள் என்று கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு செல்போனில் பதிவு செய்யுங்கள். எந்த வேலைக்கு, எந்த நிலத்தில் பாடியது, அந்த நிலம் யாருடையது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் இரவுப்பாடசாலைகளில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தருகிறோம். அதோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாட்டுக்கு ஒதுக்குங்கள். பதிவு செய்ததை முதலில் அங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.