மதுக்கடையைத் தேடி வந்த மானியம்

எச்.ஐ.வி. தடுப்பு ஆராய்ச்சி மதுக்கடைக்குள் முதலில் நுழைந்தது மதுவை ஆராய்வதற்காக அல்ல, ஆண்கள் கூடும் இடம் என்பதற்காக. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பிலாக்சி நகரில், தன்பாலீர்ப்பு ஆண்கள் வழக்கமாக வரும் பார்களில் ஜெஃப்ரி கெல்லி என்ற உளவியலாளரின் குழு ஓர் ஆய்வு நடத்தியது. வாடிக்கையாளர்களில் யார் பேச்சு எடுபடும் என்று பார் ஊழியர்களிடம் கேட்டு, அப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதுகாப்பான உடலுறவு பற்றி நண்பர்களிடம் பேச வைத்தார்கள். ஆபத்தான நடத்தை குறைந்ததாக 1991இல் முடிவு வெளியானது. பணம் தந்தது தேசிய மனநல நிறுவனம். மது ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1970 முதல் அங்கே இருந்தது. குடியிலிருந்து மீண்டவரான செனட்டர் ஹரால்டு ஹியூஸ் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தால் பிறந்தது அது.

அந்த நிறுவனமும் எய்ட்ஸ் பக்கம் திரும்ப, நிதி பிரிக்கும் முறையும் ஒரு காரணம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களின் எய்ட்ஸ் ஆராய்ச்சி அலுவலகம் 1988இல் தொடங்கியது. எய்ட்ஸுக்கான வரவு செலவை ஒருங்கிணைக்கும் அதிகாரம் 1993இல் அதற்குச் சட்டப்படி கிடைத்தது. மொத்த ஆராய்ச்சி நிதியில் ஏறத்தாழ 10 சதவீதம் எய்ட்ஸுக்கு என்பது வழக்கமாயிற்று. மது நிறுவனத்துக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது.

இதற்கிடையே பிலாக்சி முறை கடல் தாண்டியது. சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் மனநல நிறுவனம் ஒரு பெரிய கூட்டு ஆய்வுக்கு மானியம் அளித்தது. சீனாவில் சந்தை வியாபாரிகள், ரஷ்யாவில் தொழிற்பள்ளி விடுதி மாணவர்கள், இந்தியாவில் சென்னைக் குடிசைப் பகுதிகளின் ஒயின் ஷாப் வாடிக்கையாளர்கள். சென்னை தேர்வானதில் வியப்பில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது இங்கேதான். அதில் முக்கியப் பங்காற்றிய மருத்துவர் சுனிதி சாலமன் 1993இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எய்ட்ஸ் ஆராய்ச்சி மையம் இங்கேதான் இயங்கியது.

ஒயின் ஷாப் எளிதான களமல்ல. போதையில் இருப்பவர் தரும் ஒப்புதல் ஒப்புதலாகாது. அங்கே வருபவர்கள் அநேகமாக ஆண்கள். அவர்களுடைய மனைவியரை எட்ட வேறு வழி தேட வேண்டும். கடைகளும் ஒரே கையில் நிலைக்கவில்லை. தனியார் நடத்திய சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் அரசு நிறுவனமான டாஸ்மாக் எடுத்துக்கொண்டது.

கூட்டு ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பேசிய இடங்களுக்கும் பேசாத இடங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஆபத்தான நடத்தை குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த இடங்களிலும் பரிசோதனை, ஆலோசனை, பால்வினை நோய்க்கான சிகிச்சை எல்லாம் கிடைத்தன. அவ்வளவு கவனிப்பைத் தாண்டி வெறும் பேச்சின் பலனைப் பிரித்துக் காட்டுவது கடினம். மருத்துவ அறம் கேட்ட கவனிப்பே ஆய்வின் கூர்மையைக் குறைத்துவிட்டது என்று சொல்லலாம்.

2000களில் மது நிறுவனத்தின் மானியங்கள் குடியையே மையக் கேள்வியாக்கின. அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்கள் குடித்தால் மாத்திரை தவறுவதையும் உடல்நிலை கெடுவதையும் ஆராய்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஷெபீன் எனப்படும் எளிய மதுக்கடைகள் களமாயின.

10 சதவீத வழக்கம் 2015 டிசம்பரில் கைவிடப்பட்டது. எய்ட்ஸ் பணம் கேட்கும் ஆய்வுகள் புதிய முன்னுரிமைகளுக்குள் அடங்க வேண்டும் என்றானது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் மானியம் பெற்று அதில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்பும் துணை மானிய முறை மட்டும் நீடித்தது. அதற்கும் தடை வந்தது: புதிய ஏற்பாடு வரும்வரை வெளிநாடுகளுக்குப் புதிய துணை மானியம் கிடையாது என்று 2025 மே மாதம் தேசிய சுகாதார நிறுவனங்கள் அறிவித்தன.