சிஆர்எம் மென்பொருளுடன் அலுவலகத் தொலைபேசி: இணைப்பு செயல்படும் விதம்

கொச்சி: வல்லார்பாடம் சர்வதேச சரக்குப் பெட்டக முனையம், 2011 பிப்ரவரி 11 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கால் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய முனையங்களை நம்பி இயங்கும் சுங்க முகவர் அலுவலகங்களில் அடிக்கடி ஒலிக்கும் கேள்வி, "எங்கள் பெட்டகம் எங்கே?" என்பதே. இலவசக் கால அவகாசம் முடிந்தபின் எடுக்கப்படாத பெட்டகத்துக்கு நாள்தோறும் கட்டணம் ஏறும். எனவே தவறவிட்ட ஓர் அழைப்பும் செலவில் முடியக்கூடும்.

சிஆர்எம் எனப்படும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருளுடன் தொலைபேசியை இணைத்தால், மணி ஒலிக்கும்போதே அழைப்பவரின் பெயரும் முந்தைய உரையாடல் குறிப்புகளும் திரையில் தோன்றும். எடுக்கப்படாத அழைப்பை ஊழியர் ஒருவரின் பணிப்பட்டியலில் தானாகச் சேர்க்கவும் முடியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் 'ஃபோன்பிரிட்ஜ்' இவ்வகை வசதியாகும்.

நடைமுறையில் சிக்கல் பெரும்பாலும் மிகச் சாதாரணமான இடத்தில்தான் எழுகிறது. ஒரே எண் ஓரிடத்தில் +91 உடனும், மற்றோரிடத்தில் முன்னால் பூஜ்ஜியத்துடனும் பதிவாகியிருந்தால், பழைய வாடிக்கையாளரையும் புதியவராக மென்பொருள் கருதிவிடலாம். ஆகவே, இணைப்புக்கு முன் எண்களை ஒரே வடிவத்துக்கு மாற்றுவது அவசியம். விற்பனையாளர்கள் இதை அரிதாகவே முதலில் சொல்கின்றனர்.

உரையாடல்களைப் பதிவு செய்யும் நிறுவனங்கள், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அழைப்பின் தொடக்கத்திலேயே பதிவு குறித்து அறிவிப்பதும், பதிவுகளை யார் கேட்கலாம் என வரையறுப்பதும் பாதுகாப்பானது.